பெர்த்தில் நட்ட பேங்க்ஸியா ஏன் கருகியது? இந்த முறை எப்படி நடுவது?

உட்லண்ட்ஸ் தோட்டக்காரர்:

வணக்கம். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் பிளாக்குக்குக் கீழே சமூகத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து அதில் இருக்கிறேன், 11 வருஷம் ஆகிறது. வெண்டை, கத்தரி, முருங்கை, கறிவேப்பிலை, பாண்டான் எல்லாம் கைக்குப் பழகியவை. நட்டது வராமல் போவது எனக்கு அபூர்வம். அதனால்தான் இந்த விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

மகள் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கேனிங் வேல் பக்கம் வீடு வாங்கி 4 வருஷம் ஆகிறது. முன்பக்கம் முழுக்கப் புல்தரை. அதற்குப் போகும் தண்ணீரைப் பார்த்தால் வயிறு எரியும். போன டிசம்பரில் நாங்கள் போயிருந்தபோது, புல்லை எடுத்துவிட்டு அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடிகளை வைக்கலாம் என்று பேசினோம். பேரனுக்கு 7 வயது. கருப்புக் காக்கட்டூ பறவை பேங்க்ஸியா என்ற அந்த நாட்டுச் செடியின் விதையைத் தின்னும் என்று பள்ளியில் படித்திருக்கிறான். சரி, அவனுக்காகவே ஒன்று வைப்போம் என்று நாற்றுப்பண்ணைக்குப் போய், என் இடுப்பு உயரம் இருந்த பேங்க்ஸியா ஒன்றை 60 டாலர் கொடுத்து வாங்கி வந்தேன்.

இங்கே செய்வதுபோலவே செய்தேன். குழியை ஆழமாக வெட்டி, இரண்டு பை கம்போஸ்ட், நாலு கை கோழி எருக் குருணை போட்டு நட்டேன். காலையும் மாலையும் நானே ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டேன். இரண்டாவது வாரம் அடியிலுள்ள பழைய இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. பசியாக இருக்கும் என்று இன்னும் இரண்டு கை எரு போட்டேன். ஐந்தாவது வாரம் செடி முழுக்கப் பழுப்பு. பேரன் தினமும் எழுந்ததும் அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பான். அன்றைக்குப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டான்.

எனக்குப் புரியாதது இதுதான். பிடுங்கி வேர்க்கட்டியைக் கையால் உடைத்துப் பார்த்தேன். உள்ளே வெறும் தூசி, துளி ஈரம் இல்லை. தினம் இரண்டு வேளை தண்ணீர் விட்ட இடம்!

ஏப்ரல் கடைசியில் மறுபடியும் போகிறேன், ஜூலை வரை இருப்பேன். அங்கே அப்போது குளிர்காலம். அந்த நேரத்தில் நடலாமா, அல்லது கோடைக்குக் காத்திருக்க வேண்டுமா? முன்பக்கம் 6 மீட்டருக்கு 5 மீட்டர் இருக்கும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொத்தோங் பாசிர் தம்பி:

ஐயா, எனக்கு பெர்த் அனுபவம் இல்லை. ஆனால் கிளம்புவதற்கு முன் ஒருநாள் கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோம் என்ற குளிரூட்டிய கண்ணாடிக்கூடத்துக்குப் போய்வாருங்கள். 2012-இல் திறந்தது. உள்ளே 23 முதல் 25 டிகிரிதான். மத்தியதரைக்கடல் ஓரம், கலிஃபோர்னியா, சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று கடல் கடந்த ஊர்கள், ஆனாலும் வானிலை ஒரே மாதிரி: குளிரில் மழை, வெயிலில் வறட்சி. இலைகளை மட்டும் கவனியுங்கள். சின்னதாக, கெட்டியாக, சாம்பல் பூத்து, சிலது ஊசிபோல, சிலது மயிர் படர்ந்து இருக்கும். தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கிற இலைகள். நம் வாழையிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாதி விஷயம் விளங்கிவிடும்.

பெர்த்திலிருந்து திரும்பியவள்:

ஐயா, படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 12 வருஷம் பெர்த்தின் தெற்குப் பக்கம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஜூரோங்குக்குத் திரும்பி வந்தவள். முதல் இரண்டு வருஷம் நீங்கள் செய்த எல்லாவற்றையும் அப்படியே செய்து, ஒன்பது செடியை இழந்தேன்.

முதலில் அந்தத் தூசியைப் பற்றிச் சொல்கிறேன். கேனிங் வேல் என்றால் மண் சாம்பல் நிறத்தில், கையில் எடுத்தால் விரல் இடுக்கில் ஓடுகிற மணலாக இருந்திருக்குமே? பாஸண்டீன் மணல் என்பார்கள். பெர்த்தைச் சுற்றி இருப்பதிலேயே சத்துக் குறைந்த மணல். அது மட்டும் இல்லை. இலைதழை மக்கும்போது வரும் மெழுகு ஒவ்வொரு மணல் துகளின் மேலும் படிந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் அந்த மண் தண்ணீரை உள்ளே விடாது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர்தான் எனக்கு இதைக் காட்டினார். காய்ந்த மணலில் விரலால் சின்னக் குழி பறித்து, அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் உள்ளே போகவில்லை. சேம்பு இலைமேல் நிற்பதுபோல உருண்டு, மேலே மணல் துகள் ஒட்டிக்கொண்டு, அப்படியே நின்றது. நிமிஷக்கணக்கில் நின்றது. விரலால் தள்ளினால் முழு உருண்டையாக நகர்ந்தது. அடியில் மண் உலர்ந்தே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அத்தனை நாள் நான் ஊற்றிய தண்ணீர் எல்லாம் எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் ஹோஸ் தண்ணீரும் அப்படித்தான் மேலோட்டமாகப் பக்கவாட்டில் ஓடியிருக்கும். வேர்க்கட்டிக்குள் போகவில்லை. இதற்கு மண் நனைப்பான் என்று திரவமாகவும் குருணையாகவும் கடைகளில் விற்கிறார்கள். நடும் குழியில் கலந்துவிட்டு, மெதுவாக, ஊறவிட்டு ஊறவிட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆனால் இலை ஓரம் கருகியதற்குத் தாகம் மட்டும் காரணம் இல்லை. கோழி எருதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கோழி எருவில் பாஸ்பரஸ் அதிகம். நம் வெண்டைக்கு அது அமிர்தம். பேங்க்ஸியா, கிரெவில்லியா, ஹேக்கியா எல்லாம் ஒரே குடும்பம். பல லட்சம் வருஷமாக ஒன்றுமே இல்லாத மணலில் வாழ்ந்து, இருக்கிற துளி பாஸ்பரஸையும் உறிஞ்சப் பழகியவை. அவற்றின் வேரை நீங்கள் பார்க்க வேண்டும். மேல்மண்ணுக்கு அடியிலேயே, பால்புட்டி கழுவும் பிரஷ்போல மயிரடர்ந்த குட்டிக் குட்டிக் கொத்துகள் இருக்கும். கொத்துவேர் என்பார்கள். அதிலிருந்து அமிலம் கசிந்து, மண்ணில் ஒட்டிக்கிடக்கும் பாஸ்பரஸைக் கரைத்து எடுக்கும். அப்படிப்பட்ட வேரிடம் ஆறு கை கோழி எருவைக் கொடுத்தால், நிறுத்தத் தெரியாமல் உறிஞ்சிவிடும். பழைய இலை ஓரம் முதலில் கருகும். நீங்கள் எழுதியது அச்சு அசல் அதேதான்.

இனி நேரம். ஐயா, நீங்கள் போகிற நேரம்தான் சரியான நேரம். பெர்த் இங்கிருந்து விமானத்தில் சுமார் 5 மணி நேரம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஆனால் பருவம் தலைகீழ். நம் ஊரில் வெயிலும் மழையும் சேர்ந்தே வரும், வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல். அங்கே இரண்டும் பிரிந்துவிட்டன. மொத்தமே சுமார் 730 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். டிசம்பரில் நடுவது என்றால், குழந்தையைப் பெற்று உடனே பாலைவனத்தில் விடுவதுபோல. அந்தச் செடிகள் கோடையில் வளராமல் ஒடுங்கிக் கிடக்கும். மழை தொடங்கும்போது நட்டால், மண்ணில் இன்னும் கோடையின் சூடு இருக்கும், ஈரமும் இருக்கும். மேலே ஒன்றும் தெரியாது. கீழே வேர் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த கோடை வருவதற்குள் அதற்கு ஏழு மாதம் கிடைத்துவிடும்.

அந்த மண்ணின் ஆதிமக்களான நூங்கார் மக்கள் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நமக்கு ஆறு பெரும்பொழுது இருப்பதைப்போல. ஏப்ரல், மே மாதங்கள் ஜெரான், வெயில் தணிகிற காலம். ஜூன், ஜூலை மகுரு, குளிர்மழைக் காலம். இந்த இரண்டு பெயரையும் பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள். நட வேண்டிய நாலு மாதமும் அதற்குள் அடங்கிவிடும்.

ஒரு கேள்வி: அந்தப் புல் எப்படி இருக்கிறது? மெல்லிய இலையா, அகல இலையா?

உட்லண்ட்ஸ் தோட்டக்காரர்:

அம்மா, உங்கள் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அந்தத் தண்ணீர் உருண்டையை நானும் பார்த்திருக்கிறேன், பொருள் தெரியாமல் விட்டுவிட்டேன். மகளை நேற்று செய்து பார்க்கச் சொன்னேன். மண் சாம்பல் நிறம்தான், தண்ணீர் நின்றது. பேரன் அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான்.

புல் மெல்லிய இலை. தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. நம் அருகம்புல் மாதிரியே இருக்கிறது என்று மனைவி சொல்கிறாள்.

மகளுக்கு இரண்டு கவலை. பையன் ஓடி விளையாட இடம் வேண்டும். அப்புறம், நாட்டுச் செடி என்றால் புதர்க்காடு மாதிரி ஆகிவிடுமோ என்று மாப்பிள்ளை பயப்படுகிறார். மனைவி கேட்பது ஒன்றுதான்: கறிவேப்பிலை வைக்க முடியுமா? இங்கிருந்து ஒரு கன்று எடுத்துப்போகலாம் என்கிறாள்.

தேக்கா அக்கா:

அண்ணே, கறிவேப்பிலைக் கன்று வேண்டவே வேண்டாம்! கன்று மட்டும் இல்லை, பச்சை இலைகூட விமான நிலையத்தில் விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை நாசமாக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி ஒன்று கறிவேப்பிலையிலும் தங்கும். அது அங்கே நுழைந்துவிடக் கூடாது என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காக்கிறார்கள். விதைப் பொட்டலமும் அப்படித்தான். பெர்த்திலேயே சட்டியில் கறிவேப்பிலைக் கன்று விற்கிறார்கள், என் அக்கா பையன் வீட்டில் இருக்கிறது. வெயில் படும் சுவரோரம் வைத்தால் நன்றாக வரும், குளிர்காலத்தில் கொஞ்சம் இலை கொட்டும், பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. இங்கே தோட்டத்தில் போடும் காலணியைப் பெட்டியில் வைக்காதீர்கள். போன தடவை என் காலணி அடியில் மண் இருந்தது. விமானத்தில் தரும் வருகை அட்டையில் ஒழுங்காக எழுதிக் கொடுத்ததால் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறைத்திருந்தால் பெரிய அபராதம்.

பெர்த்திலிருந்து திரும்பியவள்:

அக்கா சொன்ன காலணி விஷயம் விமான நிலையத்தோடு முடிவதில்லை. அந்த ஊரில் செடிகளைக் கொல்லும் ஒரு நோய் இருக்கிறது, டைபேக் என்பார்கள். ஃபைட்டாஃப்தோரா என்ற நுண்ணுயிர் வேரை அழுகச் செய்யும். காலணியில், மண்வெட்டியில், வண்டிச் சக்கரத்தில் ஒட்டிய ஈரமண் வழியாகப் பரவும். பேங்க்ஸியாக் காடுகள் எத்தனையோ இடத்தில் அப்படிச் செத்திருக்கின்றன. பெர்த் சமவெளியின் பேங்க்ஸியாக் காட்டையே 2016-இல் அழியும் நிலையில் உள்ளது என்று அரசு பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதனால் பேரனை அழைத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்துவிட்டு வந்தால், காலணியைத் துலக்கிவிட்டுத் தோட்டத்தில் இறங்குங்கள். யாரோ சும்மா கொடுக்கும் மண்ணையும் வாங்க வேண்டாம்.

சரி, புல். உங்கள் மனைவி சரியாகச் சொன்னார். அங்கே கவ்ச் என்று சொல்லும் புல்லும் நம் அருகம்புல்லும் ஒன்றுதான். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அந்த வேர்தான் இப்போது உங்கள் வேலை. ஒரு கணு மண்ணில் மிஞ்சினாலும் புதுச் செடிகளுக்கு நடுவே முளைத்துவிடும், அப்புறம் பிடுங்கினால் பேங்க்ஸியாவின் மேல்வேரும் சேர்ந்து வரும். நீங்கள் ஏப்ரலில் போய்த் தொடங்கினால் தாமதம். இப்போது அங்கே கொளுத்துகிற வெயில் இருக்கிறதே, அதையே பயன்படுத்துங்கள். புல்லை ஒட்ட வெட்டி, நன்றாகத் தண்ணீர் விட்டு, கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் விரிப்பை இறுக்கமாகப் போட்டு, ஓரங்களை மண்ணில் புதைக்கச் சொல்லுங்கள். ஆறு முதல் எட்டு வாரம். அடியில் வெந்துவிடும். ஆழத்தில் தப்பிய கிழங்குவேரை நீங்கள் போய் முள்கரண்டி மண்வெட்டியால் கிளறி எடுங்கள். பொறுமையாக, இரண்டு முறை.

பையன் விளையாடும் இடத்தைப் பற்றி: முழுப் புல்லையும் எடுக்காதீர்கள். வாசற்கதவுப் பக்கம் 3 மீட்டர் அளவு விட்டுவிடுங்கள். தண்ணீர் கொடுத்தாலும் பயன் இருக்கிற இடத்துக்குக் கொடுப்போம். அந்த ஊரில் தெளிப்பான் போட வாரத்துக்கு 2 நாள்தான், வீட்டு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து நாள் மாறும். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தெளிப்பானே போடக் கூடாது. 1970-களிலிருந்து மழை குறைந்துகொண்டே வருகிறது, அணைகளுக்கு வரும் தண்ணீர் எவ்வளவோ குறைந்துவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை நாம் துவாஸில் 2005-இல் திறந்தோம், அவர்கள் குவினானாவில் 2006-இல் திறந்தார்கள். இவ்வளவு பாடுபட்டுச் செய்த தண்ணீரைப் புல்லில் கொட்டுவதைப் பார்த்து உங்கள் வயிறு எரிந்தது நியாயம்தான்.

மாப்பிள்ளையின் பயம் போக வேண்டுமானால் உயரத்தைப் பார்த்து நடுங்கள். பாதையோரம் தரையோடு படரும் கிரெவில்லியா கிரித்மிஃபோலியா, ஊதாப் பூ விடும் ஹெமியாண்ட்ரா. அதற்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் சாம்பல் இலையும் மஞ்சள் பூவுமாக இருக்கும் கொனோஸ்டைலிஸ், நடுநடுவே கங்காரு பா என்ற பூச்செடி. சிவப்பும் பச்சையுமான கங்காரு பாதான் 1960 முதல் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் மலர். ஆனால் அதற்கு ஆயுள் கம்மி, சில வருஷத்தில் போய்விடும். உயரமாக வளரும் ஃபிளேவிடஸ் வகை நீண்ட நாள் நிற்கும். பூத்து முடிந்ததும் தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள், புதுக் குருத்து வரும். நம் தேன்சிட்டுபோல அங்கே ஹனிஈட்டர் பறவைகள் வந்து அந்தப் பூவில் தலையை விடும்போது, மகரந்தம் உச்சந்தலையில் மஞ்சள் பொட்டாக ஒட்டிக்கொள்ளும். சமையலறை சன்னலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் டீ ஆறவிட்டிருக்கிறேன்!

பேங்க்ஸியா ஒன்றே ஒன்று வையுங்கள். மென்ஸிஸி என்று கேளுங்கள். சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, மூலையில். அது அந்த மணலிலேயே பிறந்தது. இளஞ்சிவப்புக் கதிர் கீழிருந்து மேலாகப் பொன்நிறத்தில் விரிந்துகொண்டே போகும், இலையுதிர் காலத்திலும் குளிரிலும் பூக்கும். தயவுசெய்து இடுப்பு உயரச் செடியை வாங்காதீர்கள். சுட்டுவிரல் நீளச் சிறு குழாய்க் கன்றுகள் சில டாலருக்குக் கிடைக்கும். பெரிய சட்டியில் சுற்றிச் சுற்றி இறுகிய வேர் மணலுக்குள் இறங்கவே தெரியாமல் நின்றுவிடும். சின்னக் கன்றின் வேர் நேராகக் கீழே போகும். இரண்டு வருஷத்தில் பெரியதை முந்திவிடும், இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எரு வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், நாட்டுச் செடிக்கென்று பாஸ்பரஸ் குறைத்துச் செய்த உரம் ஒரு சிட்டிகை. மேலே மரச்சில்லு மூடாக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர், கரடுமுரடானதாக. பொடியாக இருந்தால் தண்ணீரை அதுவே குடித்துவிடும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் ஒரு முறை, ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஆழத்துக்கு இறக்கச் சொல்லுங்கள். தினம் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்று, வெயிலில் மாட்டிக்கொள்ளும். மூன்றாம் கோடையில் வானம் பார்த்துக்கொள்ளும்.

உங்களைப் போன்ற கைக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், எனக்குத் தெரியும். எருக்கூடையும் ஹோஸுமாக வளர்ந்த கை சும்மா இருக்காது. அந்தக் கையைப் புல் வேர் எடுப்பதில் செலவழியுங்கள்.

நேரம் கிடைத்தால் கிங்ஸ் பார்க் தாவரத் தோட்டத்துக்கும் போங்கள். 1965-இல் திறந்தது, நாம் தனிநாடான அதே வருஷம். மென்ஸிஸி முழுதாக வளர்ந்தால் எப்படி நிற்கும் என்று நாற்றை வாங்கும் முன்பே மாப்பிள்ளை பார்த்துவிடட்டும்.

உட்லண்ட்ஸ் தோட்டக்காரர்:

அம்மா, கோடி நன்றி. இவ்வளவு எழுத எத்தனை நேரம் எடுத்திருப்பீர்கள். அக்காவுக்கும் நன்றி, பெட்டியில் வைத்திருந்த தோட்டக் காலணியை மனைவி ஏற்கெனவே எடுத்து வெளியே வைத்துவிட்டாள். கறிவேப்பிலை அங்கேயே வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள்.

பேரனிடம் தொலைபேசியில் பேசினேன். செடி செத்தது தாத்தா போட்ட சாப்பாடு அதிகமானதால் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, புதுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நாளை நாட்காட்டியில் தானே குறித்துவைப்பதாகச் சொன்னான். வாரம் ஒரு நாள்தான் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். ஜெரான், மகுரு இரண்டும் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, பள்ளியில் ஆறு பெயரையும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். வாசல் பக்கம் புல்லை விட்டால் விரிப்பு போட வேண்டிய இடம் 5 மீட்டருக்கு 3 மீட்டர்தான். ஓரம் புதைக்க எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும்? விட்ட புல் மறுபடி இந்தப் பக்கம் ஓடி வராதா?

பெர்த்திலிருந்து திரும்பியவள்:

ஓடி வரும், நிச்சயம் வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு முழ ஆழம் பள்ளம் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் தடுப்பு பட்டையை நிற்கவைத்துப் புதையுங்கள், மேலே இரண்டு விரல் தெரியட்டும். அதைத் தாண்டி வரும் கொடியை வாரம் ஒரு முறை பேரன் வெட்டலாம். விரிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர் கூடுதலாக வாங்கச் சொல்லுங்கள். இந்த வாரமே போட்டால் நீங்கள் போய் இறங்கும்போது எடுக்கத் தயாராக இருக்கும்.